முதல் இரண்டு குடம்

"வந்துட்டா பாருங்க! வாசல் குழாயை அவ மூடினாத்தான் நம்ம தொட்டிக்குத் தண்ணி ஏறுது. வரி கட்டுறது நாம, முதல் தண்ணி மகாராணிக்கா?"

ஜன்னலருகே நின்று பொரிந்தாள் மனைவி. எதிர்ச் சந்துக்காரி வழக்கம்போல இரண்டு குடம் பிடித்துக்கொண்டு, குழாயை இறுக்கி மூடிவிட்டுப் போனாள்.

"அவங்க சந்துல குழாயே கிடையாது. ரெண்டு குடம்தானே, விடேன்" என்றான் கணவன்.

"விட்டு விட்டுத்தான் தலைமேல ஏறிட்டா. முதல்ல ஒரு பூட்டு வாங்கிட்டு வாங்க."

மறுநாள் விடிவதற்குள் குழாயில் பூட்டு தொங்கியது. எதிர்ச் சந்துக்காரி வந்தாள், பார்த்தாள், திரும்பிப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் குளியலறையிலிருந்து கணவன் அலறினான்.

"அடியே, தண்ணி காப்பி கலர்ல கொட்டுது! ஒரே சேத்து நாத்தம்!"

மனைவி வாசலுக்கு ஓடினாள். எதிர்ச் சந்துக்காரி தன் வீட்டுப் படியில் காலிக் குடங்களோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, நேத்து நீ புடிச்சப்போ தண்ணி நல்லாத்தானே இருந்துச்சு?"

"இல்லக்கா, தினமும் முதல் ரெண்டு குடம் இப்படித்தான் வரும். அதை நான் புடிச்சுக்குவேன். தெளிஞ்சதும் மூடிடுவேன்."

"அந்தத் தண்ணியை வச்சு என்ன பண்ணுவே?"

"துணியில வடிகட்டி, காய்ச்சிக் குடிப்போம்."



"கொஞ்சம் பொறுத்து, நல்ல தண்ணியா புடிச்சிருக்கலாமேடி!"

"அது உங்க வீட்டுத் தண்ணியாச்சேக்கா."