மீசைக்கு மரியாதை

ஆசிரியை நாற்காலியைக் காட்டியும் பெரியவர் உட்காரவில்லை.

“என் பேத்தியை நாளையிலிருந்து இங்கே அனுப்பப் போறதில்லைம்மா.”

“என்னாச்சுங்க ஐயா?”

“நேத்து சம்பந்தி வீட்டுக்காரங்க வந்திருந்தாங்க. அத்தனை பேர் முன்னாடியும் என்னைக் காட்டி, இல்லாத மீசையை முறுக்குறா. எங்க குடும்பத்துல என் எதிர்ல நின்னு பேசவே யோசிப்பாங்க. இவ கேலி பண்றா. இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறீங்களா?”

ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“காது கேக்காத குழந்தை உங்களை எப்படிங்க பேர் சொல்லிக் கூப்பிடும்? இங்கே பசங்க தங்களுக்கு வேண்டியவங்களுக்குச் சைகையிலே பேர் வைப்பாங்க. ஊர்ல எத்தனையோ தாத்தா இருக்காங்க. அதுல தன் தாத்தா யாருன்னு சொல்ல அவளே வச்ச பேருங்க அது. சம்பந்தி வீட்டுக்கு உங்களை அறிமுகப்படுத்தியிருக்கா.”

பெரியவர் வெளியே வந்தார். மைதானத்தில் விளையாடிய குழந்தைகளில் ஒருத்தி ஓடி வந்து, அவரைப் பார்த்து விரல்களை அசைத்தாள்.

“நீங்க யாருன்னு கேக்கிறா,” என்றார் பின்னால் வந்த ஆசிரியை.

பெரியவர் தோள் துண்டைச் சரிசெய்தார். முதுகை நிமிர்த்தினார். பிறகு நிதானமாக, இரண்டு பக்கமும் மீசையை முறுக்கிக் காட்டினார்.