யேசுதாசனின் வடக்கு

யேசுதாசன் கையிலிருந்த திசைகாட்டியில் ஒரு குறையும் இல்லை. புத்தம் புதுசு, நேற்றுதான் ஈப்போவில் வாங்கினார். ஆனாலும் மற்ற பதினோரு பேரும் வலப்பக்கம் போக, அவர் மட்டும் இடப்பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்குள் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார்.

எங்கோ ஒளித்து வைத்த டப்பாவைக் குறிப்பை வைத்துத் தேடிப்பிடிக்கும் ஜியோகேஷ் குழு அது. இன்று சிம்மோர் பக்கத்தில், இப்போது செம்பனை நட்டிருக்கும் பழைய ரப்பர் தோட்டத்தில் வரைபடமும் திசைகாட்டியும் மட்டும்தான். கூடாரத்திலிருந்து வடக்கே முந்நூறு அடி என்பது குறிப்பு. குழுத் தலைவி விமலா எல்லாருடைய கைப்பேசியையும் வாங்கி பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிட்டார்.

மூன்று வருடமாகத் தேடியும் யேசுதாசன் ஒரு டப்பாவைக்கூடக் கண்டுபிடித்ததில்லை. மனைவி பெட்ரீசியாவின் பொறுமை போன வாரம் தீர்ந்துபோனது. இன்றும் வெறுங்கையோடு வந்தால், இனி சனிக்கிழமைதோறும் அவள் நடத்தும் காந்தக் காப்பு விற்பனைக் கூட்டத்துக்கு வந்து கைதட்ட வேண்டும். கண்டுபிடித்தால் கூட்டத்துக்கு வரவே வேண்டாம் என்று பேச்சு.

அந்தக் கூட்டத்தில் யாருக்கு பிரஷர் குறைந்தது, யாருக்கு முட்டிவலி போனது என்று இரண்டு மணி நேரம் ஓடும். ஏற்கெனவே அவர் இடது மணிக்கட்டில் ஒரு காப்பு ஏறி இரண்டு வருடமாகிறது. அவர்கள் குடியிருக்கும் சிலிபினில் பெட்ரீசியாவிடம் தப்பிய மணிக்கட்டு குறைவு.

பின்னாலிருந்து ஷான் ஓடிவந்தான். நில அளவை வேலை பார்ப்பவன், குழுவிலேயே கெட்டிக்காரன்.

"அண்ணே, தப்பா போறீங்க. ஒங்க காப்பு காந்தம்லா, முள்ள இழுக்குது. கழட்டிட்டுப் பாருங்க."

யேசுதாசன் நம்பவில்லை. போன தடவை பாகான் செராயில் இதே ஷான் காட்டிய வழியில் போய்த்தான் முழங்கால்வரை வயல் சேற்றில் இறங்கினார். நீ உன் வழியைப் பார் தம்பி என்று சொல்லிவிட்டு, அடிகளை எண்ணியபடி நடந்தார்.

முந்நூறாவது அடியில், செம்பனைகளுக்கு நடுவே வெட்டாமல் விட்ட ஒற்றை ரப்பர் பால்மரம் நின்றது. வேர்ப் பொந்துக்குள் கையை விட்டார். டப்பா இருந்தது. யேசுதாசனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் கூடாரத்துக்குத் திரும்பியபோது மற்றவர்கள் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள். முடிவைப் பார்க்க பெட்ரீசியாவும் கைப்பேசியோடு வந்திருந்தாள். ஷானுக்குப் பொறுக்கவில்லை. குறிப்பில் இருக்கும் திசையில் போனால் வெறும் சாக்கடைதான் இருக்கிறது, பதினோரு திசைகாட்டியும் ஒன்றாகவா பொய் சொல்லும் என்று கேட்டான். நியாயமான கேள்விதான்.

டப்பாவை ஒளித்து வைத்து, குறிப்பும் எழுதித் தந்தவர் சின்னையா. நாசி லெமாக் தேங்காய்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். மூன்று தடவை அளந்ததாகவும், மூன்று தடவையும் முள் ஒரே பக்கம்தான் காட்டியதாகவும் சாதித்தார். பேச்சுவேகத்தில் அவர் கையை உயர்த்த, சட்டைக்கை விலகியது. அங்கேயும் இடது மணிக்கட்டில் அதே காப்பு.

"போன மாசம் பெட்ரீசியாகிட்ட வாங்கினேன். குளிக்கும்போதுகூட கழட்டக் கூடாதுன்னு சொன்னாங்கலா."

கூடாரமே சிரித்தது. குறிப்பு எப்படியிருந்தாலும் டப்பாவை எடுத்தவர்தான் ஜெயித்தவர் என்று விமலா தீர்ப்புச் சொன்னார். யேசுதாசனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆயுசுக்கும் சனிக்கிழமை சொந்தமாகிவிட்டது.

மனைவியின் முகம் தொங்கிப்போயிருக்கும் என்று ஆசையோடு தேடினார். அவளோ அவருடையதும் சின்னையாவுடையதுமாக இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து வைத்துப் படம் பிடித்துக்கொண்டு, ஓரமாகப் போய் யார் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தாள். டப்பா இருக்கும் இடத்தையே காட்டிக்கொடுத்த காப்பு என்பது மட்டும் அவர் காதில் விழுந்தது.

அவள் திரும்பி வந்ததும், கொடுத்த வாக்கு ஞாபகம் இருக்கிறதா என்று மெல்லக் கேட்டுவைத்தார்.

"இருக்குங்க. நீங்க கூட்டத்துக்கு வர வேணாம்" என்றாள் பெட்ரீசியா. "கூட்டத்தையே நம்ம வீட்டுக்கு வரச் சொல்லிட்டேன்."