மெல்லத் தேவையில்லாதது

மிக்ஸி மறுபடியும் நின்றது.

அவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். சமையலறை வாசல் வழியே அந்த முதுகு தெரிந்தது. ஜாரின் ஓரத்தில் ஒட்டியதைக் கரண்டியால் வழித்து வழித்து நடுவில் தள்ளிக்கொண்டிருந்தான் அமலன்.

மகள் தானாகத் தேடிக்கொண்ட புருஷன்.

காலையிலிருந்து இதே கூத்து. நிலக்கடலையை வறுத்தான். ஆறவைத்தான். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, தோலை ஊதி ஊதிப் பறக்கவிட்டான். ஏதாவது ஒன்றில் தோல் ஒட்டியிருந்தால் அதைத் தனியே எடுத்து நகத்தால் உரித்தான்.

கடலைக்கு இத்தனை உபசாரம்.

பள்ளி மைதானத்தில் விசில் ஊதியே தலை நரைத்தவர் அவர். கடலை அப்போது கால்சட்டைப் பையில் கிடக்கும். நாலைந்தை வாயில் எறிந்து, நறநறவென்று மென்றுகொண்டே பையன்களை வெயிலில் ஓடவிடுவார். ஆம்பளை கடலை தின்கிற விதம் அது.

இவன் ஊதுகிறான்.

மிக்ஸி ஓடியது. நின்றது. ஜார் சூடாகிவிட்டதாம். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

இவன் கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. வேற்று மதம் என்று ஊருக்குச் சொன்னார். மனசுக்குள் இருந்த காரணம் வேறு. பெண் கேட்டு வந்தவன், அவர் மனைவி காபி கொண்டுவந்ததும் எழுந்து நின்று வாங்கினான். குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். முதுகெலும்பு இல்லை.

இப்போது அவன் வீட்டில்தான் இருக்கிறார்.

பல்லையெல்லாம் பிடுங்கியாகிவிட்டது. ஈறு ஆறிய பிறகுதான் பல்செட் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி இறந்தபின் தனியாகிவிட்ட வீட்டில், ரசம் சாதத்தைக் கரைத்துக் குடித்தே பாதி ஆளாகியிருந்தவரைப் பார்த்து தாரணி அழுதாள். துணிமணியைக் கட்டிக் கையோடு கூட்டிவந்துவிட்டாள்.

இங்கே யாரோடு பேசினாலும் வாயைத் துண்டால் மறைத்துக்கொள்வார். அவனோடு பேசுவதே இல்லை.

மிக்ஸியின் சத்தம் திடீரென்று மாறியது. கரகரப்பு போய், வழுக்கிக்கொண்டு ஓடுகிற சத்தம். கட்டிதட்டிக் கிடந்த கடலை எண்ணெய் விட்டு இளகிவிட்டது.

வாசனை கூடம் வரை வந்தது.

அவர் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார்.

வாயில் எச்சில் ஊறியது. விழுங்கினார்.

அமலன் அதைச் சின்னக் கண்ணாடி பாட்டிலில் வழித்து, ஸ்பூனோடு கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான்.

"மெல்லவே வேணாம் மாமா. நாக்குல வச்சா தானா எறங்கிரும்."

மெல்லவே வேண்டாமாம்.

உனக்குப் பல் இல்லை என்பதை எவ்வளவு பதவிசாகச் சொல்கிறான்.

"நாய்க்கு வையி" என்றார்.

துண்டுக்குள் சொல் பாதி காற்றாகப் போனது. அவன் காதில் விழுந்ததா தெரியவில்லை. காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

கதவு சாத்திக்கொண்டது.

மின்விசிறி சுற்றியது.

பாட்டிலின் மூடி திருகப்படாமல் சும்மா மேலே உட்கார்ந்திருந்தது. ஒரு மூடியைக்கூட ஒழுங்காக மூடத் தெரியாதவன்.

ஸ்பூன் நுனியில் துளி எடுத்தார். குறை கண்டுபிடிக்கத்தான்.

மேலண்ணத்தில் ஒட்டியது. இளஞ்சூடு. ஈறில் எங்கும் உறுத்தவில்லை. மெதுவாகக் கரைந்து, தொண்டையைத் தடவிக்கொண்டு இறங்கியது.

குறை அகப்படவில்லை.

அதற்காக இன்னொரு ஸ்பூன்.

இத்தனை நாள் பேசாமல் கிடந்த வயிறு எழுந்து உட்கார்ந்தது.

அப்புறம் ஸ்பூன் எதற்கு?

அமலன் திரும்பி வந்தபோது அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். அவன் காய்கறிப் பையை இறக்கி வைத்தான். தரையில் உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தான்.

மதியம் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து தாரணி வந்தாள். பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"என்னங்க இது? அப்பாவுக்கு அரைச்சு வைக்கிறேன்னீங்க. வழிச்சு நக்குன மாதிரி இருக்கு?"

செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

அமலன் பாட்டிலைப் பார்த்தான். பிறகு செய்தித்தாளைப் பார்த்தான்.

"நாந்தான். ருசி பாக்கலாம்னு எடுத்தேன். நிறுத்த முடியல."

"அதுக்காக முழுசையுமா? பல்லு இல்லாத மனுசன் பட்டினியாக் கெடக்காரு. வெக்கமா இல்ல ஒங்களுக்கு?"

"கொஞ்சம் இருக்கு."

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்யாத தப்புக்குப் பொண்டாட்டியிடம் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஆம்பளை என்றால், 'உங்கப்பாதான் தின்னாரு' என்று போட்டு உடைத்திருக்க வேண்டும். இவனுக்கு அதற்கும் துப்பில்லை.

தாரணி விடுவதாக இல்லை. சத்தம் கூடிக்கொண்டே போனது.

அவர் செய்தித்தாளை மடித்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"விடும்மா. ஏதோ பசியில தின்னுட்டாரு. போகட்டும்."

தாரணி சட்டென்று திரும்பினாள். அவனுக்காக அப்பா இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் கண் கலங்கிவிட்டது.

பைத்தியக்காரி.

அமலன் கீரைத் தட்டைத் தூக்கிக்கொண்டு அவசரமாகச் சமையலறைக்குள் போனான். அடுப்பைப் பார்த்து நின்றான். தோள்கள் இரண்டும் குலுங்கின.

சிரிக்கிறான்.

அதையும் முதுகைக் காட்டிக்கொண்டு. முகத்துக்கு நேரே சிரிக்கத் தைரியம் இல்லாத பயல்.

அவர் மறுபடி செய்தித்தாளை விரித்தார். நாக்கு ஈறோரமாகத் துழாவியது.

மூலையில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.