எதிர்முனையின் ஒப்புதல்

ஆபீஸ் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவரின் தங்கை புருஷன் அங்கேயே பின்னறையில் வேலை பார்த்தான்.

"லைன் நத்தையா ஊருது, மச்சான்."

"லைனைக் குறை சொல்லாதே. உன் கை வேகம் அவ்வளவுதான், மாப்ளே."

சோம்பேறி என்று அவனை வேலையைவிட்டு அனுப்பினார்கள். மூன்றாம் மாதம் மாரடைப்பில் போய்விட்டான்.

கேபிளின் இரு முனையிலும் உள்ள சிப்புகள், சம்பந்தம் பேசுவதுபோல, வேகத்தைப் பேசி முடித்த பிறகே வேலையைத் தொடங்கும். அந்தப் பேச்சைத் தன் முனையில் நிறுத்தியது மச்சான்தான்; லைன் ஊர்ந்தது அதனால்தான். ஏதோ சோதனைக்காக நிறுத்தியவர் மறந்துவிட்டார். நினைவு வந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை.

பின்னறைக்குப் புது ஆள் வருவதற்குள் சரிசெய்துவிடலாம் என்று இன்று காலை அதை மறுபடி இயக்கினார். பின்னறை காலி. கேபிளின் நுனி எதிலும் செருகப்படாமல் தரையில் கிடந்தது. ஆனாலும் அவர் மேஜைத் திரையில், சிப்பின் நிலையைச் சொல்லும் ரெஜிஸ்டர் எதிர்முனையில் ஆள் இருப்பதாகக் காட்டியது. ஒப்புதலுக்கான இடத்தில் மட்டும் பூஜ்யம். இந்த முனையிலிருந்து ஒரே சொல் மாறாமல் மூன்று தடவை காதில் விழுந்தால்தான் எதிர்முனை அங்கே ஒன்று போடும்.

"மறந்துட்டேன், மாப்ளே," என்றார். பூஜ்யம்.

"எல்லா ஆபீஸ்லயும் நடக்கிறதுதான்." பூஜ்யம்.

"தங்கச்சிக்குத் தெரிஞ்சா என்னை வாசப்படி ஏற விட மாட்டா." பூஜ்யம்.

நாற்காலியில் உட்கார்ந்தார். "தப்பு என்னுது, மாப்ளே," என்று மூன்று தடவை சொன்னார்.

பூஜ்யம் இருந்த இடத்தில் ஒன்று விழுந்தது.

பின்னறையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. நல்ல வேகம்.