இருபது

ஹில்யாவுக்கு நான்கு வயது. அபூர்வமான மரபணு நோய். அவள் ஒரு நாளும் எழுந்து நின்றதில்லை. செவ்வாய்தோறும் அவளுக்குக் கால்பயிற்சி கொடுக்க வீட்டுக்குப் போவேன். பின்லாந்தில் எல்லாருமே ஷூவை வாசலில் கழற்றிவிடுவோம். அவளுடைய ஷூவும் அங்கே சுவரைப் பார்த்தபடி, தேயாமல் இருக்கும்.

இன்று அதிலிருந்து பனி உருகிச் சொட்டியது.

"குழந்தைய வெளிய தூக்கிட்டுப் போனீங்களா, ரீக்கா?"

"இந்தக் குளிர்லயா? நல்லா கேட்டீங்க!" ஹில்யாவின் அம்மா சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள்.

ஹில்யாவின் காலை நீட்டிப் பிடித்து, வழக்கம்போல் இருபது வரை உரக்க எண்ணத் தொடங்கினேன்.

"இருபதுன்னு சொல்லாதீங்க அக்கா," என்றாள் ஹில்யா. "சொன்னா, என் ஷூவப் போட்டுட்டுப் போனது உள்ள வந்துரும்."

பத்தொன்பதில் நிறுத்தினேன். வாசலில் ஷூவின் முனை எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" சமையலறையிலிருந்து ரீக்கா உற்சாகமாகக் கத்தினாள். "இருபது!"