இரண்டாவது அளவு

"நேத்து ஆஸ்பத்திரில நான் வுட்ட காத்து, கரையான்சாவடி வரைக்கும் சத்தம் கேட்டுதாம். டாக்டரே கை தட்டுனாரு" என்றார் இக்னேஷியஸ், கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றபடி.

ஜாபஸ் வாசலிலேயே நின்றுவிட்டார். திங்கட்கிழமை அவர் அளவெடுக்க வந்தபோது, இதே மனுஷன் குடல் அடைத்து, வயிறு பானையாக உப்பி, கண் திறக்காமல் கிடந்தார்.

"கதை வுடாதண்ணே. ஆபரேஷன் தாங்காதுன்னாங்களே?"

"கத்தியே படல. கீழ் வழியா டியூப் வுட்டு, அடைப்புக்குள்ள கம்பி வலை மாதிரி ஒரு ஸ்டென்ட் வெச்சு வழி பண்ணிட்டாங்க. புத்துநோய் அப்டியேதான் கீது. ஆனா, ஞாயித்துக்கிழமை பேத்தி கல்யாணத்துல ரெண்டு வாய் பிரியாணி துன்னுருவேன். நீ புதுசா அளவெடு. தொளதொளன்னு இருந்தா அசிங்கம்."

"எடுக்கறேன், எழுந்து நில்லுண்ணே."

"நின்னா எப்டிடா? படுத்துக்கறேன்."

இருபது வருஷமாகச் சவப்பெட்டி செய்கிறார் ஜாபஸ். அளவு கொடுத்த ஆளே திருத்தம் சொல்லிப் பார்த்ததில்லை. டேப்பை வைத்தார். வயிற்றின் உயரம் நாலு அங்குலம் இறங்கியிருந்தது.

நோட்டில் பழைய அளவை அடித்துத் திருத்தினார்.

"நெசந்தாண்ணே. நீ காத்து வுட்டுக்கீறே."