கெட்டியான உறை

"டெல்மர், கடைசியாக் கேக்கறேன். கார்ல ஏறுறியா, இல்ல நான் மட்டும் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பட்டுமா?"

ராபர்ட்டா பெட்டியும் பூனைக்கூடையுமாக வாசலில் நின்றாள். ஆற்றுக்கு அக்கரையில் ராக்கெட் புறப்படத் தயாராக இருந்தது. சூரிய வெளிச்சம் போதாத தூரத்துக்குப் போகும் விண்கலமாம். மின்சாரத்துக்காக அதில் புளூட்டோனியம் வைத்திருக்கிறார்கள் என்று டி.வி.யில் கேட்டதிலிருந்து அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

டெல்மர் அவித்த வேர்க்கடலையை உரித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"எரிஞ்சாலும் விழுந்தாலும் உடையாத கெட்டியான உறைக்குள்ள வெச்சிருக்காங்க, ராபி."

"உறையாம் உறை! அது இருக்கற ஊர்லயே நான் இருக்க மாட்டேன். நெஞ்சுல பேஸ்மேக்கரை வெச்சுக்கிட்டு உனக்கு இவ்வளவு தைரியம் ஆகாது."

"அது பாட்டுக்கு ஓடுது."

"ஓடும். அதைச் செஞ்சவன் கெட்டிக்காரன். எங்கண்ணனுக்கு பேட்டரி மாத்தவே மூணு தடவை நெஞ்சைக் கீறினாங்க. உனக்கு இருபது வருஷமா ஒரு தடவைகூட இல்ல. ராக்கெட் விடற இவங்களும் இருக்காங்களே!"

டெல்மர் உரித்த கடலையை வாயில் போட மறந்தார். இருவருக்கும் தலை நரைத்த பிறகு நடந்த கல்யாணம் அவர்களுடையது. அவர் நெஞ்சில் தலை வைத்து, அந்தத் துடிப்பைக் கேட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அந்தத் தலையின் பாரம் இல்லாவிட்டால் அவருக்கும் வராது.

"போகாதே. சேர்ந்து பார்க்கலாம்," என்றார்.

அவள் முறைத்தாள். பிறகு பெட்டியைத் தொப்பென்று போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பிடிவாதக்காரக் கிழவா! சாகறதுன்னா சேர்ந்தே சாவோம்."

ஜன்னல்கள் கடகடக்க ராக்கெட் கிளம்பியது. வீரவசனம் பேசியவள் கண்ணை இறுக மூடி, அவர் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சத்தம் முழுக்க அடங்கும்வரை எழவில்லை.

"போயிடுச்சா?"

"நல்லபடியாப் போயிடுச்சு."

"அப்பாடா! இனிமே அந்தப் பாழாப்போன புளூட்டோனியம் நம்ம பக்கத்துலயே இல்ல."

டெல்மருக்கு இதற்கு மேல் மறைக்க மனசு வரவில்லை.

"ராபி... என் பேஸ்மேக்கர் ஓடறதே அதே புளூட்டோனியத்துலதான்."

வெடுக்கென்று தலையைத் தூக்கினாள். அவரையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "உறை கெட்டிதானே?" என்று கேட்டுவிட்டு, மறுபடியும் அதே இடத்தில் சாய்ந்துகொண்டாள்.